கார் இல்லாமல் ரொறன்ரோவில் முதல் ஆண்டு: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் வாரத்திலேயே உறவினர்கள் சொல்லும் அறிவுரை, ‘இங்கே கார் இல்லாமல் இருக்க ஏலாது’ என்பதுதான். அதை நம்பி, வேலை நிலைப்பதற்கு முன்பே கடனில் கார் எடுத்து, ஒன்ராறியோவில் புதிய சாரதிகளிடம் கேட்கப்படும் மாதாந்தக் காப்புறுதிக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் திண்டாடும் குடும்பங்களை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நானும் காரின்றித்தான் இங்கே வாழ்க்கையைத் தொடங்கினேன். முறையாகச் சொல்லித்தர எவரும் இல்லாததால், ஒவ்வொன்றையும் அலைந்து திரிந்துதான் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழே உள்ள கட்டணங்கள் இதை எழுதும் வேளையில் உள்ளவை என்பதால், பணம் செலுத்துமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பேருந்துத் தடம், பிறகு வீடு

கார் இல்லாத குடும்பத்துக்கு மற்ற எல்லா முடிவுகளையும் விட வீட்டின் இடமே பெரிய முடிவு. வாடகை 100 டொலர் குறைவு என்பதற்காகப் பேருந்து குறைவாக ஓடும் ஒரு குறுக்குத் தெருவில் பேஸ்மென்ற் (நிலக்கீழ்த் தள வீடு) எடுத்தால், அந்த 100 டொலர் இரண்டு மூன்று ஊபர் பயணங்களிலேயே கரைந்துவிடும், நேரமும் சேர்ந்து போய்விடும்.

ஸ்காபரோவின் பெரிய வீதிகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. பேருந்துகள் பெரும்பாலும் இந்தப் பெரிய வீதிகளில்தான் ஓடும். வீடுகளோ கட்டங்களின் உள்ளே, வளைந்து வளைந்து செல்லும் சிறு தெருக்களில் இருக்கும். ஆகவே வரைபடத்தில் பேருந்துத் தரிப்பிடத்துக்கு அருகில் தெரியும் வீட்டிலிருந்து உண்மையில் 15 நிமிடம் நடக்க வேண்டியிருக்கலாம். வீட்டுக்காரர் ‘பஸ் பக்கத்தில்தான்’ என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல், வீட்டு வாசலிலிருந்து தரிப்பிடம் வரை நீங்களே நடந்து பாருங்கள். கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ உங்களுடன் இருப்பார்கள் என்றால் அவர்களுடைய வேகத்தில் நடந்து பாருங்கள்.

அடுத்து, அந்தத் தடத்தில் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று பார்க்க வேண்டும். ரொறன்ரோ நகரப் போக்குவரத்து நிறுவனமான ரி.ரி.சி, 10 நிமிடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைந்த இடைவெளியிலோ நாள் முழுவதும் ஓடும் தடங்களைத் தனியாக அடையாளமிட்டு வரைபடம் வெளியிடுகிறது. வீடு தேடும்போது அந்த வரைபடம் கையில் இருக்கட்டும். காலை 8 மணிக்கு எந்தத் தடமும் நன்றாகவே தோன்றும் என்பதால், ஞாயிறு மாலை 7 மணிக்கும் வார நாளில் இரவு 11 மணிக்கும் அந்தத் தடம் எப்படி ஓடுகிறது என்பதைக் கால அட்டவணையில் பாருங்கள். இரண்டு தடங்கள் சந்திக்கும் இடத்துக்கு அருகில் வீடு கிடைப்பது மிக நல்லது. எடுத்துக்காட்டாக, மார்க்கம் வீதியும் லோரன்ஸ் கிழக்கு வீதியும் சந்திக்கும் இடத்தில் 102, 54 ஆகிய இரு தடங்கள் கிடைக்கும்; ஒன்று தாமதமானால் மற்றதில் ஏறி வேறு வழியாகச் சுரங்க ரயிலைப் பிடிக்கலாம்.

தடத்தின் எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. ஒரே எண்ணின் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து ஒட்டிய கிளைகள் உண்டு, அவற்றில் சில பாதி வழியிலேயே திரும்பிவிடும். 900 வரிசையில் தொடங்கும் எண்கள் விரைவுப் பேருந்துகள் என்பதால் எல்லாத் தரிப்பிடத்திலும் நிற்காது. 300 வரிசை இரவுப் பேருந்துகளுக்கு உரியது. பழைய குறிப்புகளில் ‘மூன்றாம் வழித்தடம்’ என்ற ஸ்காபரோ ரயிலைப் பார்த்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 2023 ஜூலையில் அது மூடப்பட்டுவிட்டது, அதன் இடத்தில் பேருந்துகள்தான் கென்னடி சுரங்க ரயில் நிலையத்துக்கு ஓடுகின்றன.

வீடு பிடித்துவிட்டால் ஒப்பந்தத்தில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். வாடகையில் கார் நிறுத்துமிடம் சேர்க்கப்பட்டிருந்தால், அது உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி வாடகையைக் குறைக்கக் கேளுங்கள். பேஸ்மென்ற் வீடுகளில் தெருவோரம் கார் நிறுத்தும் இடத்துக்கு நெருக்கடி அதிகம் என்பதால் பலர் இதற்கு உடன்படுவார்கள். இரண்டாவதாக, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் கையில் காசு கொடுத்துக் குடியேற வேண்டாம். ஒன்ராறியோவில் வாடகைக்கென அரசின் பொதுப் படிவம் ஒன்று உண்டு. உங்கள் பெயரும் முகவரியும் உள்ள அந்தப் படிவம், கீழே வரும் அட்டைகளுக்கு வதிவிடச் சான்றாகப் பயன்படும். முன்பணமாகக் கடைசி மாத வாடகையைக் கேட்கலாம். சேதத்துக்கு என்று தனியாகப் பணம் கேட்பது சட்டப்படி செல்லாது.

2. சாரதி அனுமதிப் பத்திரம் இல்லாதவரின் அடையாள அட்டை

இந்த மாகாணத்தில் அடையாளம் கேட்கும் எல்லோரும் முதலில் எதிர்பார்ப்பது சாரதி அனுமதிப் பத்திரத்தைத்தான். பொதி எடுக்கப் போனாலும் வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்தாலும் அதைத்தான் கேட்பார்கள். அது இல்லாதவர்கள் கடவுச்சீட்டை எங்கும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். அது தொலைந்தால் வரும் துன்பத்தைச் சொல்லத் தேவையில்லை.

இதற்காகவே ‘ஒன்ராறியோ புகைப்பட அட்டை’ இருக்கிறது. 16 வயது நிறைந்த, சாரதி அனுமதிப் பத்திரம் இல்லாத எவரும் மாகாண அரசின் சேவை மையமான சேர்விஸ் ஒன்ராறியோ நிலையத்துக்கு நேரில் சென்று விண்ணப்பிக்கலாம். கட்டணம் 35 டொலர், அட்டை 5 ஆண்டுகள் செல்லுபடியாகும். சட்டப்படியான பெயர், பிறந்த திகதி, கையெழுத்து ஆகிய மூன்றையும் காட்டும் மூல ஆவணங்கள் வேண்டும். நகல்களை ஏற்க மாட்டார்கள். கடவுச்சீட்டில் பெயர் ஒரு விதமாகவும், குடிவரவுப் பத்திரத்தில் முதற்பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறியும் இருப்பது நம்மவர்களுக்கு அடிக்கடி நேர்வதால், போகுமுன் எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டை தபாலில் வர சில வாரங்கள் ஆகும். பேஸ்மென்ற்றில் இருப்பவர்கள் முகவரியில் அலகு எண் சரியாக இருக்கிறதா என்பதையும், மேல்வீட்டுக்காரரின் தபால் பெட்டியில் விழுந்தால் எடுத்துத் தருவார்களா என்பதையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

புகைப்பட அட்டையையும் சாரதி அனுமதிப் பத்திரத்தையும் ஒருவர் ஒரே காலத்தில் வைத்திருக்க முடியாது. ஆகவே அடுத்த சில மாதங்களில் சாரதி அனுமதியின் முதற்படியான ஜி1-க்கு எழுத்துப் பரீட்சை எழுதப் போகிறீர்கள் என்றால் 35 டொலரைச் செலவிட வேண்டாம். ஜி1 அனுமதியே அடையாளமாகிவிடும்.

அதே நிலையத்தில், அதே நாளில், மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பின் சுகாதார அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. முன்பு இருந்த 3 மாதக் காத்திருப்பும் 2020-இல் நீக்கப்பட்டுவிட்டது. குடிவரவு நிலை, ஒன்ராறியோ வதிவிடம், அடையாளம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆவணம் கொண்டுபோக வேண்டும். இந்தச் சுகாதார அட்டையை வங்கியிலும் கடையிலும் அடையாளமாக நீட்டாதீர்கள். அது மருத்துவச் சேவைக்கு உரியது, மற்ற இடங்களில் அதைக் கேட்டுப் பெறும் உரிமை எவருக்கும் கிடையாது.

3. பிரெஸ்டோ அட்டை

ரி.ரி.சி பேருந்து, சுரங்க ரயில், புறநகரங்களை இணைக்கும் கோ ரயில், அயல் பிரதேசங்களான யோர்க், டர்ஹம் ஆகியவற்றின் பேருந்துகள் எல்லாவற்றுக்கும் பிரெஸ்டோ என்ற ஒரே அட்டை போதும். அட்டையின் விலை 4 டொலர். சுரங்க ரயில் நிலைய இயந்திரங்களிலும் ஷொப்பர்ஸ் ட்ரக் மார்ட் கடைகளிலும் கிடைக்கும். வாங்கிய அன்றே இணையத்தில் உங்கள் பெயரில் பதிவுசெய்யுங்கள். பதிவுசெய்த அட்டை தொலைந்தால் அதை முடக்கி மீதிப் பணத்தைக் காப்பாற்றலாம், பதிவில்லாத அட்டை தொலைந்தால் உள்ளிருக்கும் பணமும் போய்விடும்.

வளர்ந்தவருக்கு ஒரு பயணம் 3.30 டொலர். 13 முதல் 19 வயதுள்ளவருக்கு 2.35, 65 வயது நிறைந்தவருக்கு 2.25. ஆனால் அட்டை வாங்கும்போது அது வளர்ந்தவருக்கு உரியதாகவே இருக்கும். வயதைக் காட்டும் ஆவணத்தோடு ஷொப்பர்ஸ் கடைக்குப் போய் வகையை மாற்றினால்தான் சலுகைக் கட்டணம் அறவிடப்படும். பெற்றோரை வரவழைத்தவர்கள் பலர் இது தெரியாமல் மாதக்கணக்கில் முழுக் கட்டணம் கட்டுகிறார்கள். 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ரி.ரி.சியில் கட்டணம் இல்லை. ஒரு அட்டையைக் கட்டண இயந்திரத்தில் தட்டிக் குடும்பம் முழுவதும் ஏறவும் முடியாது, ஒருவருக்கு ஒரு அட்டை வேண்டும்.

முதல் முறை தட்டியதிலிருந்து 2 மணி நேரத்துக்கு எத்தனை முறையும், எந்தத் திசையிலும், இறங்கி ஏறலாம். காலை 10:00 மணிக்குப் பேருந்தில் தட்டி, மார்க்கம் வீதித் தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு 11:50-க்குத் திரும்பும் பேருந்தில் தட்டினால், போய் வந்ததற்கும் சேர்த்து 3.30 டொலர்தான். ஆனால் ஒவ்வொரு முறை ஏறும்போதும் தட்ட வேண்டும். ஏற்கெனவே கட்டியாயிற்று என்று தட்டாமல் ஏறினால், சோதனை அலுவலர் பிடிக்கும்போது 235 முதல் 425 டொலர் வரை தண்டம் எழுதலாம். காசாகக் கட்டுவோருக்கு இந்த 2 மணி நேரச் சலுகை இல்லை. சாரதி மீதிப் பணமும் தர மாட்டார்.

வங்கி அட்டையையும் கைபேசியையும் தட்டிக் கட்டலாம். ஆனால் கைபேசியில் உள்ள வங்கி அட்டையும், பணப்பையில் உள்ள அதே வங்கி அட்டையும் இயந்திரத்துக்கு இரண்டு வெவ்வேறு அட்டைகள். போகும்போது ஒன்றையும் வரும்போது மற்றதையும் தட்டினால் இரண்டு முறை கட்டணம் போகும். காலையில் எதைத் தட்டினீர்களோ அன்று முழுவதும் அதையே தட்டுங்கள்.

4. மாத அட்டையும் மற்றச் சலுகைகளும்

வளர்ந்தவருக்கான ரி.ரி.சி மாத அட்டை 156 டொலர். அதை 3.30-ஆல் வகுத்தால், மாதம் 48 பயணம் போனால்தான் அது இலாபம். வாரம் 5 நாள் வேலைக்குப் போய் வருபவருக்கு மாதத்தில் 43 அல்லது 44 பயணம்தான் ஆகும். அதிலும் 2 மணி நேரச் சலுகையால் சில பயணங்கள் குறையும். ஆகவே முதல் மாதம் பணம் நிரப்பியே ஓடுங்கள். மாத முடிவில் பிரெஸ்டோ கணக்கைத் திறந்து எத்தனை பயணம் அறவிடப்பட்டது என்று எண்ணிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மாத அட்டை நாட்காட்டி மாதத்துக்கே உரியது. நடு மாதத்தில் தொடங்கி 30 நாள் என்று கிடைக்காது.

ரி.ரி.சியிலிருந்து யோர்க், டர்ஹம் பேருந்துகளுக்கு 2 மணி நேரத்துக்குள் மாறினால் இரண்டாவது கட்டணம் இல்லை. 2024 பெப்ரவரியில் தொடங்கிய இந்த ஏற்பாட்டால் ஸ்ரீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கம் போகிறவர்களுக்கும், பிக்கரிங், ஏஜாக்ஸில் உறவினர் உள்ளவர்களுக்கும் பெரும் ஆறுதல். கோ ரயிலுக்கு மாறினாலும் ரி.ரி.சி கட்டணம் கழிக்கப்படும். நகர மையத்துக்குப் போகும் ஸ்காபரோவாசிகள், பேருந்தில் அஜின்கோர்ட் அல்லது எக்ளின்டன் கோ நிலையத்துக்குப் போய் அங்கிருந்து யூனியன் நிலையத்துக்கு ரயில் எடுத்துப் பாருங்கள்; சுரங்க ரயில் வழியைவிட நேரம் கணிசமாகக் குறையலாம். கோ ரயிலில் ஏறும்போது தட்டுவதோடு இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் போகாத தூரத்துக்கும் சேர்த்துக் கட்டணம் போகும்.

வருமானம் குறைந்தவர்களுக்கு ரொறன்ரோ மாநகரம் ‘ஃபெயர் பாஸ்’ என்ற சலுகையைத் தருகிறது; அதில் ஒரு பயணம் 2.10 டொலர். வருமானத்தின் அடிப்படையில் விண்ணப்பிப்பதற்கு வரித் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பதால், முதல் ஆண்டில் வருமானமே இல்லாவிட்டாலும் வரித் தாக்கலைத் தவறவிடாதீர்கள்.

5. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்

புதிதாக வருவோருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் களஞ்சியம், தொழிற்சாலை, உணவகம் போன்ற இடங்களில் முறைமாற்று வேலை. நேர்முகத்தில் சம்பளத்தைக் கேட்பதோடு, வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் எந்தெந்த நாட்கள் என்பதையும் கேளுங்கள். சுரங்க ரயில் வார நாட்களிலும் சனியிலும் காலை 6 மணியளவில் தொடங்குகிறது. ஞாயிறன்று காலை 8 மணியளவில்தான் தொடங்கும். ஞாயிறு காலை 7 மணிக்கு வேலை என்றால் 300 வரிசை இரவுப் பேருந்தை நம்பித்தான் போக வேண்டும். அவை முக்கிய வீதிகளில் மட்டுமே ஓடும்.

வேலை தொடங்குமுன் ஒரு ஒத்திகைப் பயணம் போய்வாருங்கள். வேலை நாளிலேயே, வேலை நேரத்திலேயே போக வேண்டும். செவ்வாய் பகலில் 50 நிமிடத்தில் முடிந்த பயணம் ஞாயிறு அதிகாலையில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். தொழிற்பேட்டைகளில் கடைசித் தரிப்பிடத்திலிருந்து தொழிற்சாலை வாசல் வரை நடைபாதை இல்லாத வீதிகளும் உண்டு. அதை நேரில் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாது.

ஒவ்வொரு தரிப்பிடக் கம்பத்திலும் அந்தத் தரிப்பிடத்துக்குரிய எண் எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணை 898882-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று பதில் வரும். கைபேசியில் இணையம் இல்லாத பெற்றோருக்கு இதைக் கட்டாயம் பழக்கிவிடுங்கள். இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை, தரிப்பிடங்களுக்கு இடையிலும் வீட்டுக்கு அருகில் இறக்கிவிடும்படி பேருந்துச் சாரதியிடம் முன்கூட்டியே கேட்கலாம். பாதுகாப்பான இடமாக இருந்தால் நிறுத்துவார். இரவு வேலை முடிந்து தனியாக வரும் பெண்கள் தயங்காமல் கேளுங்கள்.

6. கடை, குழந்தை, மருத்துவமனை

10 கிலோ அரிசிப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு பேருந்தில் நிற்பதைவிட, இரு சக்கரம் பூட்டிய இழுவைக் கூடை ஒன்றை வாங்குங்கள். கடையில் ‘பண்டில் பகி’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெரிய சக்கரம் உள்ளதாகப் பாருங்கள், சிறிய சக்கரங்கள் பனிச்சேற்றில் சிக்கிக்கொள்ளும். அரிசி, எண்ணெய், பருப்பு போன்ற கனமானவற்றை மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரவழைத்து, மரக்கறி, மீனை மட்டும் நேரில் வாங்கினால் முதுகும் நேரமும் மிஞ்சும்.

குழந்தை வண்டியைப் பேருந்தில் மடிக்காமலே ஏற்றலாம். சாரதியிடம் கேட்டால் சரிவுப் பலகையை இறக்குவார். கார் இல்லை என்பதற்காகக் குழந்தை இருக்கை வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். ஒன்ராறியோவில் 18 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் காரில் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதால், ஊபரை அழைத்தாலும் உறவினர் காரில் ஏறினாலும் அது தேவைப்படும்.

அவசர நோய் என்றால் 911. ஓஹிப் உள்ளவருக்கு, மருத்துவத் தேவையுள்ள அம்புலன்ஸ் பயணத்துக்கு 45 டொலர் கட்டணம் வரும். ஓஹிப் இல்லாதவருக்கும், தேவையில்லாமல் அழைத்ததாக மருத்துவர் கருதினாலும் 240 டொலர். பணத்துக்குப் பயந்து நெஞ்சுவலியோடு பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம். அவசரமா இல்லையா என்று தெரியாவிட்டால் 811-ஐ அழைத்துத் தாதியிடம் கேட்கலாம். நடக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு ரி.ரி.சியின் ‘வீல் ட்ரான்ஸ்’ சேவை உண்டு. அதற்கும் சாதாரணப் பேருந்துக் கட்டணம்தான். படிவத்தின் ஒரு பகுதியை மருத்துவத் துறையினர் நிரப்ப வேண்டும் என்பதால், மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளிலேயே அதைக் கையில் கொண்டுபோங்கள்.

7. பனிக்காலத்துக்கு ஒக்டோபரிலேயே தயாராகுங்கள்

காரில் போகிறவருக்குக் குளிர் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பேருந்துக்குக் காத்திருப்பவர் 15 நிமிடம் காற்றில் நிற்க வேண்டும். ஆகவே குளிர் உடுப்பையும் உங்கள் போக்குவரத்துச் செலவில் சேர்த்துக் கணக்கிடுங்கள். மேலங்கியைவிடச் சப்பாத்து முக்கியம். நீர் புகாததும், அடிப்பகுதி வழுக்காததும், தடித்த காலுறை போட்ட பிறகும் விரல் அசைய இடமுள்ளதுமாக வாங்குங்கள். ஜனவரியில் போனால் உங்கள் அளவு கிடைக்காமல் போகலாம். காற்றோடு சேர்ந்த குளிர் −28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்து புண்ணாகக்கூடும். வானிலை அறிக்கையில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் தரப்படும் இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்தே வெளியே இறங்குங்கள்.

கடும் பனி பொழியும் நாட்களில் சரிவான இடங்களில் உள்ள சில தரிப்பிடங்களை ரி.ரி.சி தற்காலிகமாக நிறுத்திவிடும். காலையில் எழுந்ததும் அறிவிப்பைப் பார்த்து, உங்கள் தரிப்பிடம் அதில் இருந்தால் அடுத்ததற்கு நடக்க நேரம் ஒதுக்குங்கள். கைபேசி மின்கலம் குளிரில் சட்டென்று இறங்கிவிடும் என்பதால், கைபேசியைத் தட்டிக் கட்டுபவர்களும் பிரெஸ்டோ அட்டை ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

8. கார் இல்லாவிட்டாலும் சாரதி அனுமதி

ஊரில் வாகனம் ஓட்டியவர்கள், புறப்படுமுன் இலங்கையில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், தமிழ்நாட்டில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், எத்தனை ஆண்டு அனுமதி வைத்திருந்தீர்கள் என்பதை உறுதிசெய்யும் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கி வாருங்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அதிகபட்சம் 12 மாத அனுபவத்தையே இங்கே கணக்கில் எடுப்பார்கள். 2 ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவத்தை அதன் மூலம் நிறுவினால், எழுத்துப் பரீட்சைக்குப் பிறகு நேரடியாக முழு அனுமதிக்கான ஜி ஓட்டப் பரீட்சைக்குப் போகலாம். இங்கே வந்தபிறகு அதை ஆள் வைத்து எடுப்பிப்பதற்கு மாதங்களும் பணமும் ஆகும். ஊர் அனுமதியோடு ஒன்ராறியோவில் ஓட்டலாம் என்பது வதிவாளரான முதல் 60 நாட்களுக்கு மட்டும்தான்.

ஜி1 கட்டணம் 159.75 டொலர், எழுத்துப் பரீட்சை, முதல் ஓட்டப் பரீட்சை, 5 ஆண்டு அனுமதி ஆகியவை அதற்குள் அடங்கும். ஜி1 எடுத்துவிட்டு அடுத்த படிகளைக் கவனிக்காமல் 5 ஆண்டு கடந்தால் அனுமதி காலாவதியாகி, கண் பரிசோதனையிலிருந்தும் எழுத்துப் பரீட்சையிலிருந்தும் திரும்பத் தொடங்கி மீண்டும் அதே கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். கார் வாங்கும் எண்ணம் இல்லாதவர்களிடம்தான் இது அதிகம் நடக்கிறது. ஆகையால் ஜி1 கையில் கிடைத்த அன்றே, அது முடிவடையும் திகதியையும் அதற்கு ஓராண்டு முன் ஓட்டப் பரீட்சைக்கு நாள் எடுக்க வேண்டும் என்பதையும் கைபேசி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.